இரண்டாம் பகுதியில் மணி கிடையாது

புவெனஸ் அயர்ஸ்
22 ஏப்ரல் 1984

அன்புள்ள தம்பி ஃபௌஸ்தினோவுக்கு,

நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? தெற்குக் கோடியில், எஸ்கெலில் குளிர் ஆரம்பித்திருக்குமே, கம்பளி உள்சட்டையை வெளியே எடுத்தாயா?

கொலோன் அரங்கத்தில் இந்த வருஷக் கச்சேரிகள் தொடங்கிவிட்டன. முதல் கேசட் இதோடு வருகிறது: பிராம்ஸின் நான்காவது சிம்பொனி. கூரைக்குக் கீழே நின்று கேட்கிற எங்கள் 'சொர்க்கத்தில்', இடது பக்கத் தூணை ஒட்டி, என் வழக்கமான இடம். அங்கே பித்தளைக் கைப்பிடிக் கம்பியில் கைக்குட்டையைக் கட்டிவிட்டால் ஜனாதிபதியே வந்தாலும் அந்த இடம் கிடைக்காது. ரிக்கார்டர் பின்னல் பையில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தது. வாசலில் நிற்கிற ஆள், "ஏம்மா, இந்த ஸ்வெட்டர் போன வருஷமும் இதே அளவுலதானே இருந்துச்சு?" என்று கேட்டான். "என் தம்பிக்குக் கை ரொம்ப நீளம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

கோல் பிடித்து வாத்தியக் குழுவை நடத்தியவர் ஒல்லியான ஒரு செக் நாட்டுக்காரர். முதல் பகுதியை அவசரமே இல்லாமல் எடுத்தார். இரண்டாம் பகுதியில் செல்லோக்கள் அந்த மெட்டைப் பாட ஆரம்பித்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கலாம் என்றால் கைக்குட்டை கம்பியில் கட்டியிருக்கிறது. பக்கத்திலிருந்து யாரோ ஒன்றை நீட்டினார்கள். சொர்க்கத்தில் நல்ல மனிதர்களும் உண்டு.

இதுதான் இங்கே எனக்குக் கடைசி வருஷம். டிசம்பரில் நோட்டரி அலுவலகத்தில் எனக்கு ஓய்வு கொடுத்து, மாலை போட்டு அனுப்பியதும் பெட்டி படுக்கையோடு உன்னிடம் வந்துவிடுவேன். பேசியது பேசியதுதான்.

வெறும் வயிற்றில் மாத்தே குடிக்காதே என்று கேட்டுக்கொள்ளும்,
அக்கா ஒதிலியா


எஸ்கெல்
9 மே 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்க்கிறவனின் இடுப்பு எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது. மற்றபடி குறையில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

பிராம்ஸ் வந்து சேர்ந்தார். கிளினிக்கிலும் போட்டேன். வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எதிர்த்துப் பேச முடியாது, என் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான். செக் நாட்டுக்காரர் கெட்டிக்காரர். ஆனால் கடைசிப் பகுதியில் புல்லாங்குழல் தனியாக வருகிற இடத்தில் அந்தப் பிள்ளையை இன்னும் கொஞ்சம் மூச்சு விட விட்டிருக்கலாம்.

ஒரு சந்தேகம். மூன்றாம் பகுதியில் முக்கோண மணி அடிக்கிறது. பிராம்ஸ் எழுதியிருக்கிறார், அடிக்கட்டும். இரண்டாம் பகுதியில் ஏன் அடிக்கிறது? அதில் மணியே கிடையாது! சின்னதாக, 'டிங்' என்று, நன்றாகக் கேட்கிறது. செக் நாட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு எதையாவது சேர்த்துவிட்டாரா என்று இசைத்தாளையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் என் கருவியில் ஏதோ கோளாறு என்று தோன்றியது. பல் நோண்டுகிற ஊசியை வைத்தே மூடியைத் திறந்திருக்கிறேன். உன் ரிக்கார்டரையும் ஒரு பார்வை பார்.

பின்பக்க அறைச் சுவர் முழுக்கத் தக்கைப் பலகை ஒட்டுகிறேன், என் கையாலேயே. இனி வெளியே காற்று எவ்வளவு ஊளையிட்டாலும் உனக்குக் கேட்காது. ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை வேண்டும், சொல். ஆளுக்கொரு சாய்வு நாற்காலி போட்டு, சாகிற வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே கேட்கலாம். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நானே அபிப்பிராயம் சொல்லி நானே ஒத்துக்கொள்கிறேன், அலுத்துவிட்டது அக்கா.

உன் சுகத்தை உடனே தெரிவி.
தம்பி ஃபௌஸ்தினோ


புவெனஸ் அயர்ஸ்
30 மே 1984

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே ஓயாத மழை, ஆனால் சளி இன்னும் என் விலாசத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஒத்தடம் கொடுத்தேன், கேட்டது.

என் ரிக்கார்டரில் ஒரு குறையும் இல்லை. உன் கருவிதான் கிழடாகிவிட்டது. பெல்ட்டோ என்னமோ இருக்குமே, அதை மாற்று.

இந்தத் தடவை ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டா. வாசித்தவள் கோர்தோபாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி நடந்து வந்து உட்கார்ந்தாள். தொட்டதுதான் தாமதம், மேலே ஒருவரும் இருமவில்லை. ஆரம்பத்தில் இடது கை அடியிலிருந்து உறுமுகிற இடம் வருமே, அங்கே நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். மெதுவான பகுதியை ரொம்பத்தான் மெதுவாக எடுத்தாள் என்று வெளியே வரும்போது சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது முடியாமலே இருந்தாலும் சம்மதம்தான்.

பனி விழுந்தால் வழுக்கும், பார்த்து நட.
அக்கா ஒதிலியா


எஸ்கெல்
20 ஜூன் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

பனி முழங்கால் வரை வந்துவிட்டது. நானும் நலம், அடுப்பும் நலம்.

பெல்ட்டை வெளியூரிலிருந்து வரவழைத்து மாற்றினேன். மோட்டாரைக் கழற்றி எண்ணெய் போட்டேன். அதுவரை கிளினிக்கில் பாட்டில்லை. பல்லைத் துளைக்கிற மெஷின் சத்தத்தை மட்டும் கேட்ட ஒரு ஆட்டுப்பண்ணைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். எல்லாவற்றையும் பூட்டி முடித்து ஷூபர்ட்டைப் போட்டால், அதே 'டிங்'!

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. உறுமலுக்கு ஒரு கணம் முன்னால் 'டிங்'. மெட்டு திரும்பி வருவதற்கு ஒரு கணம் முன்னால் 'டிங்'. ஷூபர்ட் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? இது மனுஷன் வேலை. எவனோ மோதிரக் கையால் உன் பித்தளைக் கம்பியைத் தட்டுகிறான். அதுவும் உன் பையை ஒட்டியே நிற்கிறான். உனக்குக் கேட்காமல் இருந்திருக்காது. என்னை மோட்டாரைக் கழற்ற வைத்து வேடிக்கை பார்த்தாயே, இது அடுக்குமா?

அவனிடம், "ஐயா, விரலைக் கொஞ்சம் சட்டைப்பைக்குள்ள வச்சுக்கோங்க" என்று சொல். கேட்காவிட்டால் வலது பக்கம் போய் நில். அப்புறம், 'நாங்கள் இரண்டு பேரும்' என்று எழுதியிருக்கிறாயே, யார் அந்த இன்னொருவர்?

திரை என்ன நிறம் என்று கேட்டிருந்தேன்.

பதிலும் சுகமும் நாடும்,
தம்பி ஃபௌஸ்தினோ


புவெனஸ் அயர்ஸ்
11 ஜூலை 1984

அன்புள்ள தம்பிக்கு,

சளி கடைசியில் வந்தே விட்டது. இஞ்சியும் தேனும் குடித்து விரட்டிவிட்டேன், கவலைப்படாதே. உன் மோட்டாருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

ஆமாம், இந்த வருஷம் என் பக்கத்தில் வந்து நிற்கிற ஒருவர் இருக்கிறார். அன்செல்மோ இரிபர்னே, பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நீ எழுதியதைச் சொன்னேன்.

"என்னங்க, உங்க மோதிரத்தால எஸ்கெல்ல ஒரு பல் டாக்டர் மோட்டாரையே கழட்டிட்டாராம்."

"அட! டாக்டருக்குக் காது பிரமாதமா இருக்கே. பல்லு எப்படி?"

"விளையாடாதீங்க. உங்களால தட்டாம இருக்கவே முடியாதா?"

"நான் தட்டலைன்னா அந்தக் கொம்பு ஊதுறவங்க நேரத்துக்கு ஆரம்பிப்பாங்களா, ஒதிலியா? உலகம் தெரியாம பேசறீங்களே!"

இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன சொல்வது? மனைவி காலமாகி ரொம்ப வருஷமாகிறதாம், மோதிரத்தை மட்டும் கழற்றியதே இல்லையாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பிறந்த ஊர் தாந்தில், போயெதோ பேட்டையில் ஒரு கேனரிப் பறவையோடு குடியிருக்கிறார், பேரிக்காய் ஆகாது, முட்டை சரியாக வேகாவிட்டால் சாப்பிடமாட்டார், அவ்வளவுதான். வலது பக்கம் போக முடியாது. அங்கே குளிர்காற்று முதுகில் அடிக்கும், என் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளாது.

த்வோர்ஷாக்கின் செல்லோ கான்செர்ட்டோ அனுப்புகிறேன். சத்தம் போடாமல் கேள்.

உன் அக்கா,
ஒதிலியா


எஸ்கெல்
1 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலுக்குக் காற்று ஆகாது, முதுகுக்குக் காற்று ஆகாது, ஆனால் ஜூலை மழையில் வரிசையில் நிற்பது மட்டும் ஆகுமா? நான் நலம். உன் உடம்பைப் பற்றித்தான் இப்போது எனக்குச் சந்தேகம்.

உன் பூகோள வாத்தியாரிடம் சொல்: த்வோர்ஷாக்கில் செல்லோ முதல்முறை நுழைகிற இடத்தில் அவர் சீக்கிரமாகத் தட்டிவிட்டார். செல்லோக்காரர் காத்திருக்கிறார், இவர் காத்திருக்கவில்லை. வரைபடத்தில் மலை நகராது, இசையில் நகரும் என்று அவருக்கு விளக்கு. மெதுவான பகுதியில் மட்டும், ஒத்துக்கொள்கிறேன், சரியான இடத்தில்தான் தட்டினார். எரிச்சலாக இருந்தது.

அறை முடிந்துவிட்டது. நாற்காலிகள் இரண்டும் வந்துவிட்டன. கதவைச் சாத்திவிட்டு நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தேன், அப்படியே அமுங்கிப் போகிறது, அருமை. சாமான் லாரியை எந்தத் தேதிக்குச் சொல்லட்டும்? திரைக்குப் பச்சை வாங்கிவிடட்டுமா?

இஞ்சியை நிறுத்தாதே.
தம்பி ஃபௌஸ்தினோ


புவெனஸ் அயர்ஸ்
28 ஆகஸ்ட் 1984

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ரொம்பவே நன்றாக இருக்கிறேன். நீ?

நீ சொன்னதை அப்படியே சொன்னேன். கச்சேரி முடிந்து எல்லோருமாகப் பீட்சா சாப்பிடப் போயிருந்தோம். அன்செல்மோ முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "டாக்டர் சொல்றது சரிதான். அந்த இடத்துல எனக்கு எப்பவும் பொறுமை கிடையாது. ஆனா ஒண்ணு கேளுங்க, அவர் வாழ்க்கையில ஒரு தடவையாவது எதுக்காவது அவசரப்பட்டிருக்காரா?" என்றார். பதில் எழுதிவிடு, கேட்டுக்கொண்டே இருக்கிறார். நாங்கள் கிளம்பும்போது கடையில் நாற்காலியெல்லாம் மேஜைமேல் ஏற்றிவிட்டார்கள்.

இந்தக் கேசட்டில் ஹைடனின் தொண்ணூறாவது சிம்பொனி. முடிந்துவிட்டதுபோல முடித்துவிட்டு, மூச்சுக்கூட விடாமல் நின்று, வேறு சுருதியில் மறுபடி ஆரம்பித்து ஆளை ஏமாற்றுமே, அது. கீழே பட்டுச்சட்டைக்காரர்கள் எல்லோரும் பாதியில் கைதட்டி மாட்டிக்கொண்டார்கள். மேலே சொர்க்கத்தில் ஒருவரும் ஏமாறவில்லை.

பச்சை வேண்டாம். திரைக்கு இப்போது என்ன அவசரம்?

நீயும் நன்றாக இரு.
அக்கா ஒதிலியா


எஸ்கெல்
19 செப்டம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஹைடனில் 'டிங்' இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். மறுபடி ஹெட்போன் வைத்துக் கேட்டேன். தட்டல் இருக்கிறது, அதே இடங்களில், அதே மாதிரி ஒரு கணம் முன்னால். ஆனால் பித்தளையில் உலோகம் படுகிற சத்தம் இல்லை. வெறும் விரல்.

இன்னொன்று. மேலே ஒருவரும் ஏமாறவில்லை என்று எழுதியிருக்கிறாய். பொய். அந்தப் பொய் முடிவில் உன் பைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஜோடிக் கை பலமாகத் தட்டுகிறது. உடனே ஒரு ஆண் குரல், "ஐயையோ!" என்கிறது. உலகத்து நுழைவுகளையெல்லாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறவர் ஹைடனிடம் மாட்டிக்கொண்டார். அதற்குமேல் ஒரு பெண் சிரிக்கிறாள். வாத்தியங்கள் மறுபடி தொடங்கியும் அவளால் நிறுத்த முடியவில்லை. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பூசையின் நடுவில் சிரித்து, அப்பா காதைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாரே, அந்தச் சிரிப்பு. அதற்கப்புறம் நான் அதைக் கேட்டதே இல்லை.

வருஷக்கணக்காகக் கழற்றாத மோதிரத்தை ஒருவர் என் கேசட்டுக்காகக் கழற்றியிருக்க மாட்டார். எங்கே அக்கா போச்சு அந்த மோதிரம்?

தம்பி ஃபௌஸ்தினோ


எஸ்கெல்
31 அக்டோபர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? தபால்காரரைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பாவம், அவர் என்ன செய்வார்.

நீ எழுதாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். முதலில் உன்மேல் கோபப்பட்டேன். அந்த அறைக்குப் போய்ச் சுவரிலிருந்து தக்கையைப் பிய்த்து எறியப் பார்த்தேன். நன்றாக ஒட்டியிருக்கிறேன் போல, வரவில்லை. அப்புறம் அழுதேன். பல் டாக்டர் அழுதால் வந்தவர்கள் பயப்படுவார்கள் என்று கிளினிக்கைச் சாத்திவிட்டு அழுதேன். நீ வருவாய் என்று எவ்வளவு ஆசையாகக் காத்திருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஹைடனை மறுபடி போட்டேன். தினமும் போடுகிறேன். சிம்பொனிக்காக இல்லை, உன் சிரிப்புக்காக. நீ இங்கே வந்தால் நான் உன்னோடு நன்றாகச் சண்டை போடுவேன், சமைத்துப் போடுவேன், ஒத்தடம் கொடுப்பேன். அப்படிச் சிரிக்கவைக்க மட்டும் எனக்குத் தெரியாது.

அதனால் வராதே, அக்கா. கோபத்தில் சொல்லவில்லை. பேசியது பேசியதுதான் என்று ஏப்ரலில் எழுதினாய், அதை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அங்கேயே இரு. கேசட் அனுப்பு. விரலும் சேர்ந்தே கேட்கட்டும்.

அவரிடம் சொல்: நான் வாழ்க்கையில் எதற்கும் அவசரப்பட்டதில்லை. அதுதான் என் கஷ்டம்.

உன் நலம் ஒன்றையே விரும்பும்,
தம்பி ஃபௌஸ்தினோ


புவெனஸ் அயர்ஸ்
12 நவம்பர் 1984

என் தங்கத் தம்பிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. கோழைத்தனத்தைத் தவிர வேறு நோயில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். 'என் கையாலேயே ஒட்டுகிறேன்' என்று எழுதினாயே, அதைத் தாண்டி என் பேனா நகரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் நீ திரையைப் பற்றிக் கேட்கும்போது கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்துவிடுவேன்.

ஆகஸ்டில், ஹைடனுக்கு முந்தின கச்சேரி அன்று, வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நல்ல மழை. ஒரே குடை. அவர் எம்பனாதா தின்றுகொண்டே கேட்டார்.

"டிசம்பருக்கு அப்புறம் உங்க இடத்துல யாரு கைக்குட்டை கட்டுவாங்க?"

"யாராவது கட்டுவாங்க. எனக்கென்ன தெரியும்?"

"அப்ப நான் வலது பக்கம் போயிடறேன்."

தம்பி, வாலிபத்திலிருந்து இடது பக்கத்தை விட்டே போகாத மனிதர் அப்படிச் சொன்னார். எங்கள் சொர்க்கத்தில் இதைவிடப் பெரிய பேச்சு ஒருவரும் ஒருவரிடமும் பேசியதில்லை. அவர் குடையை என் பக்கம் சாய்த்துத் தான் நனைந்தார். அடுத்த கச்சேரிக்கு மோதிரம் இல்லாமல் வந்தார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததை எஸ்கெலில் இருந்து நீதான் வாய்விட்டுச் சொன்னாய்.

உன் கடிதத்தை வரிசையில் வைத்தே அவருக்குப் படித்துக் காட்டினேன். 'வராதே, அக்கா' என்ற இடத்தில் தாளை அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் வாங்கி மீதியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மனுஷனை நான் பார்த்தே ஆகணும், ஒதிலியா" என்றார்.

எனக்கு அறுபத்தொரு வயது. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி சந்தோஷமாக இருக்கிறேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். டிசம்பர் கடைசியோடு கொலோனை மூடிவிடுவார்கள், மறுபடி திறக்க ஏப்ரல் ஆகும். அதுவரை இந்த வெயிலில் எங்களுக்கு என்ன வேலை? ஜனவரி பிறந்ததும் அங்கே வருகிறோம். எஸ்கெலிலேயே பதிவுத் திருமணம், நீதான் சாட்சி. கோடை முழுக்க உன் தக்கை அறையில் மூன்று பேருமாகக் கேட்போம். வருஷா வருஷம் வருவோம். உட்கார இடமில்லையென்றால் தான் நின்றே கேட்பதாகவும், தனக்கு அது பழக்கம்தான் என்றும் அவர் சொல்லச் சொன்னார்.

வரட்டுமா? சீக்கிரம் எழுது. தூக்கம் வரவில்லை.

ஆயிரம் முத்தங்களோடு,
அக்கா ஒதிலியா


எஸ்கெல்
3 டிசம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பா? எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. நீங்கள் இருவரும் சுகமாக வந்து சேருங்கள். செர்ரி பழுக்க ஆரம்பித்திருக்கிறது. முட்டையை நன்றாகவே வேகவைக்கிறேன் என்று சொல்.

உன் கடிதம் வந்த அன்றே கிளினிக்கைச் சாத்திவிட்டுப் பஸ் ஆபீஸுக்கு ஓடினேன். பாதி பல் அடைத்த ஒருவர் நாளைக்கு வருவார், அவர் என்னை மன்னிப்பார். சீட்டு எழுதுகிற பெண் என்னிடம் பால்பல் பிடுங்கிக்கொண்டவள்தான்.

"மார்ச் கடைசியில புவெனஸ் அயர்ஸுக்கு ரெண்டு சீட்டு குடும்மா."

"நீங்க போறீங்களா டாக்டர்? நீங்கதான் எங்கயும் போகமாட்டீங்களே!"

"நான் போகல. ஜனவரியில இங்க வர்றவங்க திரும்பிப் போறதுக்கு."

"இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள துரத்துறீங்களா?"

"மார்ச்ல படிக்கிற பிள்ளைங்க கூட்டம், சீட்டே கிடைக்காது. அவங்க முதல் கச்சேரிக்கு வரிசையில நின்னாகணும். ஒரு நாள் தவறினாலும் இடம் போயிடும். ஜன்னல் பக்கமா பார்த்துக் குடு."

"பேரு சொல்லுங்க."

"ஒதிலியா. எங்க அக்கா."

"இன்னொண்ணு?"

"அன்செல்மோ இரிபர்னே."

"அவர் யாரு உங்களுக்கு?"

அக்கா, இத்தனை வயதுவரை அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைத்ததில்லை. வாய் கொஞ்சம் தடுமாறியது. "எங்க அத்தான்" என்றேன்.

அவள் காதில் விழுந்துவிட்டது, எழுதவும் ஆரம்பித்துவிட்டாள். ஆனாலும் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சொன்னேன்.

உங்கள் இருவர் வரவையும் எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்,
தம்பி ஃபௌஸ்தினோ